நைட்டிங்கேல் கேட்கச் சொன்ன கேள்விகள்

மருத்துவமனையில் காலை வேளையில் நோயாளியிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கேட்பவருக்கும் அது எளிது. பதில் சொல்பவருக்கும் எளிது. தூங்கினேன் என்றோ, இல்லை என்றோ ஒரு சொல் வரும். அது ஏட்டில் ஏறும். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்பதில் பயனில்லை என்று 1859-இல் ஒரு பெண்மணி விரிவாக எழுதினார். பத்து மணி நேரம் இடைவிடாது தூங்கிப் பழகியவர், நடுவில் ஒருமுறை விழித்தாலே தூங்கவில்லை என்பார். விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவரோ நன்றாகவே தூங்கியதாகச் சொல்வார். ஐந்து நாள் இரவும் பகலும் உறக்கமின்றித் தவித்து அதனாலேயே இறந்துபோன ஒருவரைப் பற்றியும், வழக்கமான இரவுத் தூக்கம் மட்டும் சற்றுக் குறைந்த இன்னொருவரைப் பற்றியும் ஒரே பதில் தரப்பட்டதைத் தாம் அறிவதாக அவர் குறிப்பிடுகிறார். எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. முந்தைய கேள்விக்குக் கிடைப்பது நோயாளியின் அல்லது உடனிருப்பவரின் அபிப்பிராயம். பிந்தையதற்குக் கிடைப்பது தகவல்.

எழுதியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கேந்திய தேவதையாக நம் பள்ளிப் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்தின. அவர் பிறந்த மே 12-ஆம் நாளே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த விளக்கின் ஒளியில் மறைந்துபோனது, கேள்வி கேட்பதையே ஒரு தொழில் ஒழுங்காக மாற்றிய அவருடைய மூளை.

1820-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. பெரும் செல்வக் குடும்பம். கோடைக்கு டெர்பிஷயரில் ஒரு மாளிகை, மற்ற காலத்துக்கு ஹாம்ப்ஷயரில் இன்னொன்று. மகன் இல்லாத தந்தை வில்லியம் நைட்டிங்கேல், கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றை இரு மகள்களுக்கும் தாமே கற்பித்தார். இளையவளான ஃபிளாரன்ஸுக்குக் கணிதத்தில் தனி ஈடுபாடு. பதினாறு வயதில், 1837 பிப்ரவரியில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக உணர்ந்தார். எந்தத் தொண்டு என்பது விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

அது நோயாளிகளைப் பேணும் பணி என்று தெளிந்து, 1845-இல் சாலிஸ்பரி மருத்துவமனையில் சில மாதங்கள் பயில விரும்பியபோது வீடு அதிர்ந்தது. அக்கால இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணிப்பெண் என்றால் குடியும் ஒழுக்கக்கேடும்தான் நினைவுக்கு வரும். மேட்டுக்குடிப் பெண் அங்கே காலடி வைப்பதா என்று தாயும் தமக்கையும் கதறினர். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் விடியுமுன் எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளையும் அரசின் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். பிறகு இறங்கிவந்து குடும்பத்தாரோடு காலை உணவருந்தினார். தம்மை மணக்க விரும்பிய, தாமும் விரும்பிய ஒருவரை 1849-இல் மறுத்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. அதன் பின் பாரிஸ் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். ஐரோப்பிய மருத்துவமனைகளின் நிர்வாகம் பற்றிய தகவல்களைத் திரட்டி அட்டவணைப்படுத்தினார். பிரிட்டனின் மருத்துவமனைகளுக்கென ஒரு கேள்விப் பட்டியலையும் தயாரித்தார். யாரும் கேட்டுக்கொள்ளாமல் செய்த வேலை அது. 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான சிறிய இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளரானார்.

மறு ஆண்டு பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற படைவீரர்கள் கவனிப்பாரின்றிச் சாவதை டைம்ஸ் நாளிதழ் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் வேண்டிக்கொள்ள, 38 பெண்களோடு புறப்பட்ட நைட்டிங்கேல், 1854 நவம்பர் 4-ஆம் நாள் இஸ்தான்புல்லை அடுத்த ஸ்கூட்டாரியில் இறங்கினார்.

அங்கு அவர் கண்டது பலராலும் எழுதப்பட்டுவிட்டது. எலியும் பேனும் நிறைந்த தாழ்வாரங்கள், தரையில் கிடத்தப்பட்ட வீரர்கள், மாற்றுத்துணி இல்லாமை, சமைக்கப் பாத்திரம் இல்லாமை. இவற்றையெல்லாம் அவர் சீர்செய்தார். இறந்த வீரர்களின் வீட்டாருக்குத் தம் கையால் கடிதம் எழுதினார். இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். அதெல்லாம் உண்மை. ஆனால், அவர் வந்த பின்னரும் சாவு குறையவில்லை என்பதும் உண்மை. 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவுக்குச் சாவு வீதம் ஏறியது. மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் திறந்து கழுவிற்று, வண்டி வண்டியாகக் குப்பையை அகற்றியது, குடிநீர் வரும் வழியில் கிடந்த செத்த குதிரையை அப்புறப்படுத்தியது, சன்னல்களைத் திறந்துவைத்தது. ஜூன் மாதத்துக்குள் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் போர் முடிந்து 1856-இல் ஊர் திரும்பிய பிறகே அவருக்குப் புலப்பட்டது. ஸ்கூட்டாரியில் இறந்தவர்களுக்கு மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று கணக்கு. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கே ஒரு விடை இல்லை. எதனால் இறந்தார்கள் என்பதற்கு எங்கிருந்து விடை கிடைக்கும்? பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களில் வல்லவரான வில்லியம் ஃபாருடன் அமர்ந்து கணக்குகளை அலசினார். காயத்தால் மாண்டவர்களைக் காட்டிலும், தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டவர்கள் பல மடங்கு என்பது தெரிந்தது. போரே இல்லாத காலத்திலும், இங்கிலாந்தின் படைக் குடியிருப்புகளில் வாழ்ந்த இளைஞர்கள், வெளியே வாழும் அதே வயதினரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். இதை ஆட்சியாளர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள, இதழ்கள் விரிந்த பூப்போன்ற வண்ண வரைபடமாக அவர் தீட்டினார். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

ஸ்கூட்டாரியின் சாவுகள் அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தின. தாயன்போடு பேணியும் கண்ணெதிரே ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அன்பு மட்டும் போதாது, என்ன நடக்கிறது என்று கண்டறியத் தெரிய வேண்டும் என்பதை அவர் கற்றுக்கொண்ட விலை அது. 'செவிலியம் குறித்த குறிப்புகள்' என்ற அவருடைய சிறு நூலை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். செவிலியர்களுக்கான பாடநூலாக அவர் அதை எழுதவில்லை. வீட்டில் நோயாளியைப் பேணும் எல்லாப் பெண்களுக்கும் எழுதினார். காற்று, வெளிச்சம், படுக்கை, உணவு என்று செல்லும் அந்நூலின் உச்சம், நோயாளியை உற்றுநோக்குதல் பற்றிய அத்தியாயம் என்பேன்.

அதில் அவர் முதலில் தாக்குவது, நோயாளி தேறியிருக்கிறாரா என்ற கேள்வியை. தேறியிருக்கிறார் என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். வந்து எட்டிப் பார்க்கும் எவரிடமும் இதைக் கேட்பதும், அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வதும், வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவர்களிடையேயும் வழக்கமாக இருந்தது. பசி எப்படி என்ற கேள்வியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நோயாளி சாப்பிடாததற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: சமைத்த விதம் சரியில்லை; தேர்ந்தெடுத்த உணவு ஒவ்வவில்லை; கொடுத்த நேரம் தவறு; அல்லது உண்மையிலேயே பசியில்லை. நான்குக்கும் தீர்வு வெவ்வேறு. முதல் மூன்றையும் சமையலறையிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால், பசியில்லை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கையும் போட்டு மூடிவிட்டால், உணவு இருந்தும் ஒருவர் பட்டினியால் நலிவார். விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்விகள் நோயாளியை நோக்கி வீசப்படும்போது, அவர் அதற்குத் தலையாட்டுவாரே தவிர உண்மையைச் சொல்லமாட்டார் என்பது அவர் கண்ட நுட்பம். இன்று செவிலியர் கல்லூரிகளில் திறந்த கேள்வி, மூடிய கேள்வி என்று பிரித்துக் கற்பிக்கப்படுவதன் வித்து இங்கே இருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்கும் செவிலியரையும் அவர் கண்டிக்கிறார். இது நமக்குச் சற்று வியப்பாக இருக்கும், பரிவான கேள்விதானே? ஆனால், அதற்கு எப்போதும் வருவது வேண்டாம் என்ற விடைதான். தனக்கு என்ன குறை வைக்கப்பட்டிருக்கிறது என்று யோசித்துச் சொல்லும் சிரமத்தைவிட, அந்தக் குறையோடே இருந்துவிட மெய்யான நோயாளி துணிவார். யோசிக்க வேண்டிய பொறுப்பு கட்டிலில் கிடப்பவருடையது அன்று என்பது இதன் சாரம்.

கேள்வி மட்டுமல்ல, கேட்பவர் நிற்கும் இடமும் முக்கியம் என்றார். நோயாளியோடு பேசும்போது அவருக்கு நேரே, அவர் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். பின்னாலிருந்தோ, வாயிற்படியிலிருந்தோ பேசினால் அவர் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். நின்றுகொண்டே பேசினால், இவர் போகப் பறக்கிறார் என்று எண்ணி நோயாளி அவசரப்படுவார். கட்டிலில் சாய்வது, கட்டிலை இடிப்பது கூடாது. அறைக்கு வெளியே நின்று கிசுகிசுப்பது கூடவே கூடாது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து, ஒவ்வொரு சொல்லையும் பிடிக்க அவர் மனம் துடிக்கும். மருத்துவர் வந்து நிற்கும் ஐந்து நிமிடங்களில் நோயாளி தன் வலிமையையெல்லாம் திரட்டித் தெளிவாகப் பேசிவிடுவார் என்பதையும், அவர் போன பின் துவண்டு விழுவார் என்பதையும் அறிந்திருந்தார். அந்தத் துவளலைப் பார்க்க அங்கே இருப்பவர் செவிலியர் ஒருவரே. இருபது படுக்கைகளுக்கு ஒருவராக ஓடிக்கொண்டிருக்கும் செவிலியரிடம் உட்கார்ந்து பேசு என்று சொல்வது நம் வார்டுகளில் கேலியாகவே படும். அது செவிலியரின் குற்றமன்று. பணியிடங்களைக் கணக்கிடுவோர் கவனிக்க வேண்டியது.

இவ்வளவு துல்லியம் அவருக்கு எப்படி வாய்த்தது என்பதற்கு ஒரு விடை, அவரே நோயாளியாக இருந்தார் என்பது. 1855 மே மாதம் கிரிமியாவில் கண்ட கடும் காய்ச்சலின் விளைவு அவரை விடவில்லை. 1857-க்குப் பிறகு பல ஆண்டுகள் கட்டிலிலும் சாய்விருக்கையிலுமே கழிந்தன. காண வருபவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்று போலி நம்பிக்கை ஊட்டுவதும், தமக்குத் தெரிந்த வைத்தியத்தை அள்ளி வழங்குவதும் நோயாளிக்கு எத்தகைய வதை என்று ஓர் அத்தியாயமே எழுதினார். அதன் எரிச்சல் நூலறிவால் வந்ததாகத் தோன்றவில்லை.

உற்றுநோக்குதல் பிறவிக் குணமன்று, பழக்கினால் வரும் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் காட்டும் சான்று சுவையானது. ஒரு தந்தை தம் மகனைப் பொம்மைக் கடை ஒன்றைக் கடந்து வேகமாக அழைத்துச் செல்வார். பிறகு இருவரும் கண்ணாடிக்குப் பின்னே கண்ட பொருள்களை எழுதி, திரும்பி வந்து சரிபார்ப்பார்கள். தந்தை 30 பொருள்களைச் சொன்னால் மகன் 40 சொல்வானாம். தவறும் அநேகமாக இராதாம். இந்தப் பயிற்சி செவிலியருக்கு வேண்டும் என்றார். நீதிமன்றத்தில் உண்மை சொல்ல விரும்பினால் போதும், உண்மை வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம்; கண்டதைக் கண்டபடி சொல்வதற்கு விருப்பம் போதாது, திறன் வேண்டும் என்பது அவர் வாதம். புள்ளிவிவரத்தில் ஊறிய அவரே, சராசரிக்கு எல்லையுண்டு என்றும் எழுதினார். நூற்றில் இத்தனை பேர் இறப்பார்கள் என்று சராசரி சொல்லும். அந்த நூறு பேரில் யார் என்பதைக் கட்டிலருகே உற்றுநோக்குபவரால்தான் சொல்ல முடியும்.

மக்கள் நன்றிக்கடனாகத் திரட்டித் தந்த ஏறத்தாழ 45,000 பவுண்டைக் கொண்டு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பயிலும் செவிலியருக்கான கடமைப் பட்டியலில் படுக்கை விரிப்பதும் புண்ணுக்கு மருந்திடுவதும் இருந்தன. அவற்றோடு, நாடி, மூச்சு, தோல், பசி, தூக்கம், கழிவுகள், சளி, புண்ணின் நிலை, பிதற்றல் அல்லது மயக்கம், உணவாலும் மருந்தாலும் ஏற்படும் விளைவு ஆகியவற்றை உற்றுநோக்கும் தேர்ச்சியும் கட்டாயமாக்கப்பட்டது. செவிலியர் செய்யும் உடல்நல மதிப்பீடு என்று இன்று ஒரு பாடத்தாளாகவே இருப்பதன் பொருளடக்கத்தை அந்தப் பட்டியலில் காணலாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871-இல்.

நம் நாட்டோடு அவருக்கிருந்த தொடர்பு இதைவிட நேரடியானது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அரச ஆணையம் அமைந்தபோது, ஒவ்வொரு படைமுகாமுக்கும் அனுப்ப வேண்டிய வினாப் படிவத்தை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஒருவருக்கு எத்தனை அடி இடம் என்று கட்டிலருகே கேட்ட அதே வகைக் கேள்விகள். பதில்கள் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 வீரர்கள் இறப்பது தெரிந்தது. முகாம்களின் குடிநீரைச் சோதித்து எழுதிய குறிப்பு, சிக்கலான மருந்துச் சீட்டு போலிருக்கிறது என்று அவர் கிண்டல் செய்தார். 1863-இல் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்தாண்டுகளில் படையின் சாவு வீதம் ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்ததாக அவர் கணக்கிட்டார்.

அந்தப் படிவங்களில் ஒரு குறை உண்டு. கேட்கப்பட்டவர்கள் அனைவரும் அதிகாரிகளும் படை மருத்துவர்களும்தான். முகாமுக்கு வெளியே வாழ்ந்த கோடிக்கணக்கானோரை யாரும் கேட்கவில்லை. அவர் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் அவர் பார்வையை உழவர் பக்கம் திருப்பியது. முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களுக்காக அவர் வாதாடினார். நிலவரியும் வட்டிக்கடனும் சேர்ந்து உழவரை எப்படிக் கொல்கின்றன என்று எழுதினார். பாசனத்தால் விளைந்த பயனுக்குக் கணக்குக் காட்டுமாறு இந்தியா அமைச்சகத்தை விடாது நச்சரித்தார். ஆட்சி பொறுப்பேற்க வேண்டியிருந்த இடங்களில், அவர் கேட்ட கணக்குகள் எளிதில் கிடைக்கவில்லை.

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. நோய்க்கிருமிக் கொள்கையை ஏற்க நெடுங்காலம் தயங்கினார். ஜமைக்காவிலிருந்து வந்து கிரிமியாவில் படைவீரர்களைப் பேணிய மேரி சீக்கோலைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து பெருந்தன்மையானதன்று. செவிலியரைத் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் இயக்கத்தைக் கடைசிவரை எதிர்த்தார். நோயாளியிடம் நடந்துகொள்ளும் பண்பைத் தேர்வுத்தாள் அளக்காது என்பது அவர் சொன்ன காரணம். காரணத்தில் உண்மை இருந்தாலும், அந்த எதிர்ப்பு செவிலியரின் தொழில் உரிமையைத் தாமதப்படுத்தியது.

எழுபது வயதைக் கடந்த பின் அவர் ஈடுபட்ட ஒரு சிறு முயற்சி அதிகம் பேசப்படுவதில்லை. 1892-இல் பக்கிங்ஹாம்ஷயர் சிற்றூர்களில், வீடுவீடாகச் சென்று தாய்மாரிடம் உடல்நலம் பேசும் பெண்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்தார். மேடையேறிப் பேசினால் பயன் விளையாது. குடிசையானாலும் அது அந்தப் பெண்ணின் வீடு. அவள் அனுமதி பெற்று நுழைய வேண்டும். சோதனையிட வந்தவர்போலக் கண்களைச் சுழற்றக் கூடாது. அவள் சொல்வதைக் கேட்டு, அவளுக்குப் புரியும் சொற்களில் பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். 1894-இல் இந்தியச் சிற்றூர்களின் சுகாதாரம் பற்றி எழுதியபோதும், மக்களோடு பேசி அவர்களை இசைவித்தே எதையும் செய்ய முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் படைமுகாம்களுக்குப் படிவம் அனுப்பியவர் நடந்து வந்த தூரம் அது.

நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்வை முற்றிலும் போயிற்று, நினைவும் மங்கியது. 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கு, வழங்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், லண்டன் சவுத் தெரு வீட்டில் உறக்கத்திலேயே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பத்தார் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரின் கிழக்கு வெல்லோ கிராமத்துத் தேவாலயத்தில் உள்ள அவரது கல்லறைப் பகுதியில், அவர் பெயரின் இரு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாள்களும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.